படிவத்தில் நெஞ்சுக்கு ஒரு கட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழைக் காலை ஆறரை மணிக்குத் திண்ணையில் உட்கார்ந்து, விளம்பரம் உட்பட ஒன்று விடாமல் படிக்கிறவன் நான். படிக்க நேரம் நிறைய இருக்கிறது. நடக்கத்தான் மூச்சு இல்லை. போன ஞாயிறு இதழின் முதல் பக்கத்தை முழுசாக மூடிக்கொண்டு ஒரு விளம்பரம் வந்திருந்தது. மூன்றே நாளில் நிலையான பற்கள், எந்த வயதினருக்கும், வலியில்லாத லேசர் முறையில் என்று போட்டிருந்தார்கள். பளீரென்று பல் தெரியச் சிரிக்கும் ஒரு பெரியவர், கையில் கரும்பு. அதே இதழின் எட்டாம் பக்கத்தில், பனிக்காலத்தில் நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் எப்படிக் கவனமாக இருக்க வேண்டும் என்று நல்ல கட்டுரை ஒன்று. அந்த முதல் பக்கத்துக்கும் எட்டாம் பக்கத்துக்கும் நடுவில் இரண்டு வருடத்துக்கு முன்னால் நான் மாட்டிக்கொண்டேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு வயது 68. கோவை சிங்காநல்லூர். 1930களில் பைகாரா மின்சாரம் வந்து கோவையில் மில்கள் பெருகிய காலத்தில், ஏர் பிடித்த கையோடு மில்லுக்கு வந்தவர் என் தாத்தா. நான் 1976-இல் பதிலியாக, அதாவது வராதவர்களுக்குப் பதிலாக வேலை பார்க்கிற ஆளாக நுழைந்தேன். 2007-இல் மில்லை மூடும்வரை 31 வருடம் கார்டிங் பிரிவு. கார்டிங் என்றால் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: பேலில், அதாவது அழுத்திக் கட்டிய பஞ்சுப் பொதியில் இருந்து பிரித்துப் போட்ட பஞ்சைக் கம்பிப் பல் வைத்த உருளைகள் சீவிச் சிக்கெடுத்துப் பட்டையாக்கும். அந்தக் கம்பிகளில் அடைந்த அழுக்கை அவ்வப்போது எடுக்க வேண்டும், ஸ்ட்ரிப்பிங் என்போம். அப்போது கிளம்புகிற தூசியில் எதிரே நிற்பவன் முகம் தெரியாது. புருவம், மீசை எல்லாம் வெள்ளையாகி ஷிப்ட் முடிந்து வரும்போது இருபது வயதுப் பையன்கூடக் கிழவன் மாதிரி இருப்பான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வாரக் கடைசியில் ஒன்றும் தெரியாது. விடுமுறை முடிந்து திரும்பப் போகிற முதல் நாள்தான், மத்தியானத்துக்கு மேல் நெஞ்சை யாரோ பெல்ட் போட்டு இறுக்குகிற மாதிரி இருக்கும். அடுத்தடுத்த நாள் பழகிப்போகும். மேஸ்திரி வெல்லக்கட்டி கொடுப்பார், தூசியை அடித்துக்கொண்டு போய்விடும் என்பார். இதற்குப் பிஸினோசிஸ், பஞ்சுத் தூசியால் வருகிற நுரையீரல் நோய் என்று பெயர் இருக்கிறது, சட்டத்தில் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது என்பதெல்லாம் சங்க ஆபீசில் பிற்பாடு தெரிந்துகொண்டது. ஆனால் மில்லின் மேல் மட்டும் பழியைப் போட மாட்டேன். பீடியும் குடித்தேன், நாளைக்கு ஒரு கட்டு. 2003-இல்தான் விட்டேன்.

இப்போது என் நிலை இது. ஊதிப் பார்க்கிற பரிசோதனையில், முதல் நொடியில் நான் வெளியே தள்ளும் காற்று, என் வயதுக்கும் உயரத்துக்கும் இருக்க வேண்டியதில் 38 சதவீதம். சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய் அடைத்துக்கொள்கிற நாள்பட்ட நுரையீரல் நோய் என்கிறார்கள். அதில் கடுமையான வகை. காலையும் மாலையும் இன்ஹேலர், மூச்சுக்குழாயை விரிக்கிற டெரிஃபிலின் மாத்திரை, ராத்திரி தூங்கும்போது மெஷினில் இருந்து 2 லிட்டர் ஆக்சிஜன். விரலில் மாட்டி இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று பார்க்கிற ஆக்சிமீட்டரில், சும்மா உட்கார்ந்திருக்கும்போது 90, 91 காட்டும். மற்றவர்களுக்கு அது பயமுறுத்துகிற எண், எனக்கு அது நல்ல நாள்.

சரி, பல்லுக்கு வருகிறேன்.

கீழ்ப் பல் எல்லாம் 2015-க்குள் போய்விட்டது, மேலேயும் அப்படியே. பல்செட் போட்டுக்கொண்டேன். மேல் செட் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு ஓரளவு நிற்கும். கீழ் செட்டுக்குப் பிடிமானம் என்று ஒன்றும் கிடையாது. நாக்கும் கன்னமும் தயவு பண்ணினால் நிற்கும். வருடம் போகப் போகத் தாடை எலும்பு தேய்ந்து, உடம்பும் இளைத்து, செட் வாய்க்குள் படகு மாதிரி மிதக்க ஆரம்பித்தது. நல்ல நெஞ்சு உள்ளவர்களுக்கு இது எரிச்சல், அவ்வளவுதான். என் மாதிரி ஆளுக்கு அப்படி இல்லை. நாங்கள் உதட்டைக் குவித்து ஊதி ஊதித்தான் மூச்சை வெளியே விட வேண்டும். வாயில் சோறு இருக்கும்போது அது முடியாது. ஒரு கவளம் மென்று விழுங்குவதற்குள் மூச்சு முட்டும்; நிறுத்தி, வாங்கி, அடுத்த கவளம். செட் ஆடினால் மெல்லுகிற நேரம் இரட்டிப்பு. அரைமணி நேரம் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்து பாதியில் எழுந்துவிடுவேன். சாப்பிட்டு முடித்தால் மலை ஏறி இறங்கின மாதிரி களைப்பு. மூன்று வருடத்தில் 61 கிலோவில் இருந்து 49-க்கு வந்துவிட்டேன். வீட்டில் தினமும் அரிசிம்பருப்பைக் குழைய விட்டுக் கொடுத்தார்கள். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அரிசிம்பருப்பு உயிர்தான், ஆனாலும் மூன்று வேளையும் என்றால் உயிரும் சலித்துப்போகும்.

அந்த நேரத்தில்தான் உங்கள் நாளிதழிலேயே இதே மாதிரி விளம்பரம் பார்த்தேன். மாப்பிள்ளை காரில் கூட்டிக்கொண்டு போனார். நல்ல பெரிய இடம், ஏசி, மீன் தொட்டி. ஆனால் இரண்டாவது மாடி, லிஃப்ட் ரிப்பேர். நாற்பத்துநாலு படி. நான் எண்ணியதற்குக் காரணம், ஒவ்வொரு பதினொரு படிக்கும் ஒருமுறை நின்றேன்.

மேலே போனதும் ஒரு படிவம் கொடுத்தார்கள். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, இதய நோய் உண்டா, மருந்து ஒவ்வாமை உண்டா, கர்ப்பிணியா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கட்டம், டிக் போட வேண்டும். சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, ஹார்ட் நன்றாக இருக்கிறது, கர்ப்பிணியும் இல்லை. எல்லாவற்றுக்கும் இல்லை என்று போட்டேன். நுரையீரலுக்குக் கட்டமே இல்லை. கடைசியில் 'மற்றவை' என்று ஒரு அங்குலக் கோடு. அதில் 'மூச்சு இளைப்பு' என்று எழுதினேன். யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஏன் வாயால் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருக்க வேண்டும், தப்புதான். பல்லுக்கும் நெஞ்சுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்துவிட்டேன். படித்தவர்களே அப்படி நினைத்துப் படிவம் அச்சடிக்கும்போது நான் நினைத்ததில் என்ன ஆச்சரியம்?

முழு வாய் எக்ஸ்ரே, அப்புறம் தாடைக்கு ஒரு ஸ்கேன். மேலே ஆறு, கீழே ஆறு, தாடை எலும்பில் பதிக்கிற பன்னிரண்டு ஸ்க்ரூ, அதன்மேல் கழற்ற முடியாத பல். மொத்தம் 3,80,000 ரூபாய். மகள் கல்யாணக் கடன் அப்போதுதான் முடிந்திருந்தது. இருந்தாலும் மாப்பிள்ளை, "மாமா, நீங்க சாப்பிடறதைப் பார்க்கவே முடியலை, நான் பார்த்துக்கறேன்" என்றார். அட்வான்ஸ் 25,000 கட்டினோம். ரசீது வாங்கின பிறகுதான் டாக்டர் முகத்தையே பார்த்தோம்.

ஆபரேஷனுக்கு முந்தின நாளில் இருந்து சாப்பிடக் கிருமி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சிப்ரோஃப்ளாக்சசினும் டினிடசோலும் சேர்ந்தது. பல் வலிக்கு நம் ஊரில் கேட்டாலே கொடுக்கிற மாத்திரைதான். எங்கள் தெரு முனை மருந்துக்கடையில் சீட்டை நீட்டினேன். அந்தக் கடைப் பையன் பத்து வருடமாக எனக்கு டெரிஃபிலின் கொடுத்துக்கொண்டிருக்கிறவன். சீட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏனுங்க பெரியப்பா, நீங்க டெரிஃபிலின் சாப்பிடறது அந்த டாக்டருக்குத் தெரியுங்களா? இது ரெண்டையும் சேர்த்துச் சாப்பிடக் கூடாதுங்க" என்றான். டெரிஃபிலினில் தியோஃபிலின் இருக்கிறது. ஈரல் அதை மெல்ல மெல்ல உடைத்து வெளியேற்றும். சிப்ரோஃப்ளாக்சசின் அந்த வேலையைத் தடுத்துவிடும். தியோஃபிலின் இரத்தத்தில் ஏறிக்கொண்டே போய், குமட்டல், கை நடுக்கம், நெஞ்சு படபடப்பு, மிஞ்சினால் வலிப்பு வரைக்கும் கொண்டுபோகும். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்கிற கிருமி மருந்துகளும் அப்படியே. இதைப் பிறகு என் நெஞ்சு டாக்டர் விளக்கமாகச் சொன்னார். ஆனால் முதலில் தடுத்தவன் பி.ஃபார்ம் படித்த அந்தப் பையன். அவனுக்கு அன்று நான் வாங்கிக் கொடுத்தது ஒரு டீ.

கிளினிக்குக்குப் போன் பண்ணினேன். "வேற மாத்திரை எழுதறோம் அங்கிள், நாளைக்கு வாங்க" என்றார்கள். டெரிஃபிலின் எதற்காகச் சாப்பிடுகிறீர்கள் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் நாற்காலியில் உட்கார வைத்து, பட்டனை அழுத்திப் படுக்க வைத்தார்கள். தலை கீழே, கால் மேலே. நான் இப்படித் தட்டையாகப் படுத்துப் பல வருடம் ஆகிறது. வீட்டில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்துதான் தூங்குவேன். தட்டையாகப் படுத்தால் வயிறு மேலே ஏறி நெஞ்சை அழுத்தும். காற்று நிறைந்து ஏற்கெனவே உப்பியிருக்கிற நுரையீரலுக்கு அசைய இடம் இருக்காது. முகத்தின் மேல் துணி. முதலில் சுத்தம் பண்ணுகிறோம் என்று வாயில் தண்ணீர் பீய்ச்சினார்கள். உறிஞ்சுகிற குழாய் ஒரு பக்கம் கர்ர் என்கிறது, தண்ணீர் இன்னொரு பக்கம் தொண்டைக்குள் இறங்குகிறது. வாயால் மூச்சு விட முடியாது, மூக்கால் விட்டால் எனக்குப் போதாது. கையை ஆட்டினேன். "ஆடாதீங்க அங்கிள், இன்னும் ரெண்டே நிமிஷம்" என்று குரல் வந்தது.

கொரோனா சமயத்தில் வாங்கின ஆக்சிமீட்டர் எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். எப்படியோ எடுத்து விரலில் மாட்டினேன். 81. உதவிக்கு நின்ற பெண் பிள்ளைதான் அதைப் பார்த்துவிட்டுச் சட்டென்று நாற்காலியை நிமிர்த்தினாள். ஜன்னலைத் திறந்துவிட்டாள். இருபது வயதுகூட இருக்காது. அம்மணி, நீ நல்லா இருக்கோணும்.

மூச்சு நிலைக்கு வர இருபது நிமிடம் ஆனது. அதற்குப் பிறகு டாக்டர் சொன்னதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. "கவலைப்படாதீங்க, அடுத்த தடவை லேசா மயக்கம் கொடுத்துத் தூங்க வச்சுப் பண்ணிடலாம். உங்களுக்கு ஒண்ணுமே தெரியாது." எனக்கு அப்போது அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. ஒன்றும் தெரியாமல் இருந்தால் போதும் என்றிருந்தது. வீட்டில்தான் ஒரே பிடியாக நின்றார்கள்: "ஏனுங்க, நெஞ்சு டாக்டரைக் கேக்காம ஒரு அடி எடுத்து வைக்கக் கூடாதுங்க."

நெஞ்சு டாக்டர் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. மணிக்கட்டு இரத்தக்குழாயில் ஊசி போட்டு இரத்தம் எடுத்தார். வழக்கமான இரத்தப் பரிசோதனையைவிட நன்றாகவே வலிக்கும். அதில் கரியமில வாயு 48 என்று வந்தது. 45-க்கு மேல் போகக் கூடாதாம். அதாவது, என் நுரையீரல் ஆக்சிஜனை உள்ளே வாங்கத் திணறுவதோடு, கெட்ட காற்றை வெளியே அனுப்பவும் திணறுகிறது. இப்படிப்பட்டவனுக்குத் தூக்க மருந்து கொடுத்தால், கொஞ்ச நஞ்சம் ஓடுகிற மூச்சும் மட்டுப்படும். ஆபரேஷன் தியேட்டரில், மயக்க மருந்து நிபுணர் பக்கத்தில் இருந்து, கண்காணிக்கிற கருவிகளோடு செய்தால் அது வேறு. இரண்டாவது மாடியில், ஆக்சிமீட்டரைக்கூட நோயாளி தன் பையில் கொண்டுவர வேண்டிய இடத்தில் கூடாது. இன்னொன்றும் சொன்னார். ஆக்சிஜனைக் கூட்டி வைத்தால் நல்லதுதானே என்று பல இடங்களில் 6 லிட்டர், 8 லிட்டர் திறந்து விடுவார்களாம். என்னைப் போன்றவர்களுக்கு 88-இல் இருந்து 92-க்குள் நின்றால் போதும். அதற்கு மேல் ஏற்றினால் கரியமில வாயு இன்னும் தேங்கி, ஆள் தூங்கிக்கொண்டே போய்விடலாம்.

நான் கேட்டேன்: "அப்படின்னா எனக்கு ஸ்க்ரூ பல்லே வேண்டாம்னு சொல்றீங்களா டாக்டர்?"

"நான் அப்படிச் சொல்லலையே ஐயா. 12 கிலோ இளைச்சிருக்கீங்க. நீங்க சாப்பிடணும். உங்க நோய்ல எடை குறையறதே ஒரு ஆபத்து" என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்கு மறுபக்கமும் தெரிய வந்தது. அவர் சீட்டு எழுதிக் கொடுத்து வேறு இரண்டு பல் டாக்டர்களிடம் போனேன். ஒருவர் டெரிஃபிலின், ஆக்சிஜன் என்ற வார்த்தைகளைக் கேட்டதுமே, "ரிஸ்க், நாங்க எடுக்கறதில்லை" என்று எழுந்துவிட்டார். இன்னொருவர் இந்த வயதில் எதற்கு என்றார். ஒரு இடத்தில் எதுவும் கேட்காமலே படுக்க வைக்கிறார்கள், இன்னொரு இடத்தில் எதுவும் கேட்காமலே அனுப்பிவிடுகிறார்கள். இரண்டிலும் கேள்வி கேட்கும் வேலை மிச்சம்.

கடைசியில் ஒரு பல் மருத்துவக் கல்லூரியில்தான் காரியம் நடந்தது. அங்கே ஒரு பேராசிரியை, என்னைவிடப் பத்து வயது குறைவு. முதல் நாள் வாயைத் திறக்கச் சொல்லவே இல்லை. எத்தனை படி ஏறுவீர்கள், எத்தனை தலையணை, கடைசியாக எப்போது ஆஸ்பத்திரியில் படுத்தீர்கள், சளி என்ன நிறம், ஸ்டீராய்டு மாத்திரை எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறீர்கள், எலும்புக்கு ஊசியோ வாரம் ஒரு மாத்திரையோ உண்டா, பீடியை விட்டு எத்தனை வருடம். முக்கால் மணி நேரம் இதுதான். பீடியை விடாதவர்களுக்கு ஸ்க்ரூ பிடிக்காமல் போகிற வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காம். பிறகு வாயைப் பார்த்தார். மேல் செட்டுக்கு அடியில் வெள்ளையாகக் காளான் படலம். இன்ஹேலரில் ஸ்டீராய்டு இருக்கிறது. இழுத்த பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். நான் பத்து வருடமாகத் துப்பியதில்லை. ராத்திரியும் செட்டைக் கழற்றாமலே தூங்குவேன். ஜப்பானில் 85 வயது தாண்டிய ஐந்நூற்றுச் சொச்சம் பேரைக் கவனித்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், செட்டோடு தூங்கியவர்களுக்கு நிமோனியா வந்தது இரண்டு மடங்குக்கும் மேல் என்று சொன்னார். செட்டில் வளர்கிற கிருமி தூக்கத்தில் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்குகிறது. எங்களுக்கு நிமோனியா என்றால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை என்று நாங்களே எங்களுக்குள் பேசிக்கொள்வோம். செட்டை ராத்திரி ஒரு டம்ளரில் போட்டு வைப்பதற்குக் காசா பணமா? இதையாவது உங்கள் மருத்துவப் பகுதியில் ஒரு பெட்டிச் செய்தியாகப் போடுங்கள்.

பன்னிரண்டு ஸ்க்ரூ வேண்டாம் என்றார் அந்த அம்மா. மேல் செட்டைப் புதிதாகச் செய்தால் நிற்கும். கீழே முன்பக்கம் மட்டும் இரண்டு. முகவாய் எலும்பு அங்கேதான் கெட்டி, பெரிய நரம்பும் குறுக்கே வராது, தொண்டையில் இருந்து தூரம், சீக்கிரம் முடியும். அந்த இரண்டு ஸ்க்ரூவின் தலையில் குமிழ் வைத்து, கழற்றி மாட்டுகிற செட்டை அதில் பொருத்துவது. சட்டையில் டிச் பட்டன் போடுகிற மாதிரி. ஏதோ ஏழைக்கு ஏற்ற சமாளிப்பு என்று நினைத்தேன். இல்லை, 2002-இல் கனடாவின் மாண்ட்ரியலில் கூடின நிபுணர்கள், கீழ்த்தாடையில் பல்லே இல்லாதவர்களுக்கு முதல் தேர்வாகச் சொன்னதே இதுதானாம். விளம்பரத்தில் இதைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை. இரண்டு ஸ்க்ரூவுக்கு முதல் பக்கம் கட்டுப்படியாகாதோ என்னவோ.

நாள் குறித்த பிறகு எனக்கு நெஞ்சுச்சளி முற்றி நான்கு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். உடனே தேதியை ஆறு வாரம் தள்ளி வைத்தார்கள். பல் எங்கேயும் ஓடிப்போகாது என்றார்கள். போன பல் போனதுதானே, அது வேறு.

அந்த நாளைக் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். யாராவது ஒரு பல் டாக்டர் இதைப் படிக்கலாம்.

காலை பத்தரைக்கு வரச் சொன்னார்கள். விடியலில் சேர்கிற சளியை எல்லாம் துப்பி முடித்த பிறகு. இன்ஹேலரை அவர்கள் எதிரிலேயே இழுக்கச் சொன்னார்கள். தரைத்தளம். நாற்காலியைச் சாய்வு நாற்காலி அளவுக்குத்தான் சாய்த்தார்கள். மூக்கில் குழாய் வைத்து 2 லிட்டர் ஆக்சிஜன். விரலில் அவர்களுடைய ஆக்சிமீட்டர், ஒரு மாணவன் வேலையே அந்த எண்ணைப் பார்ப்பதுதான். நான் விவரம் தெரிந்தவன் மாதிரி, "லேசர்ல பண்ணுவீங்களாங்க?" என்று கேட்டேன். பேராசிரியை சிரித்துவிட்டார். மூக்கில் ஆக்சிஜன் ஓடும்போது வாயில் லேசரோ, மின்சாரத்தில் சுட்டு இரத்தம் நிறுத்துகிற கருவியோ வைத்தால் தீப்பிடிக்கும், கத்திதான் என்றார். மரப்பு ஊசி போட்டார்கள்.

எலும்பைத் துளைக்கும்போது தண்ணீர் விட்டுத்தான் ஆக வேண்டும். எலும்பு சூடேறிச் செத்துவிட்டால் டைட்டானியம் ஸ்க்ரூ அதில் ஒட்டாது. ஆனால் தண்ணீர்தான் எங்களுக்கு எமன். அவர்கள் செய்தது இதுதான்: மெதுவான வேகத்தில் கொஞ்சம் துளைப்பது, உடனே நிறுத்தி முழுசாக உறிஞ்சி எடுப்பது, நான் நாலு மூச்சு விடுவது, மறுபடியும் கொஞ்சம். இடது கையைத் தூக்கினால் அந்த நொடியே நிறுத்த வேண்டும் என்பது முன்கூட்டியே செய்த ஒப்பந்தம். ஐந்து தடவை தூக்கினேன். ஐந்து தடவையும் நிறுத்தினார்கள். எண் ஒரு தடவைதான் 87-க்குப் போனது. ஸ்க்ரூ முடுக்குகிற சின்னத் திருப்புளியைப் பார்த்தேன், அதன் கழுத்தில் நூல் கட்டியிருந்தது. எதற்கு என்று பிறகு கேட்டேன். கை தவறித் தொண்டையில் விழுந்தால் இழுத்துக்கொள்வதற்கு. கிணற்று வாளிக்குக் கயிறு கட்டுகிற புத்திதான். ஆனால் அந்த நூலைப் பார்த்தபோதுதான் இவர்கள் என் மூச்சுக்குழாயை நினைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள் என்று மனசு ஆறியது.

முழுசாக ஐம்பது நிமிடம். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். கிருமிக்கு அமாக்சிசிலின், டெரிஃபிலினோடு சண்டை போடாதது. மூன்று மாதம் எலும்பு பிடிக்கக் காத்திருந்து, குமிழ் வைத்து, செட்டைப் பொருத்தினார்கள். மொத்தச் செலவு 58,000. முதல் கிளினிக்கில் அட்வான்ஸைத் திரும்பக் கேட்டு மாப்பிள்ளை ஆறு தடவை நடந்து, ஸ்கேன் செலவு போக 17,000 வாங்கினார். பெயர் எழுதவில்லை. அவர்கள் ஒருவர் மட்டும் இப்படி என்றால் இந்தக் கடிதமே தேவையில்லை.

எனக்குச் சரிப்பட்டது எல்லோருக்கும் சரிப்படும் என்று சொல்ல வரவில்லை. என் மில்லில் ப்ளோ ரூமில், பேல் பஞ்சைப் பிரித்துச் சுத்தம் பண்ணுகிற இடத்தில், இருந்த நண்பர் ஒருவருக்கு நுரையீரல் நார் மாதிரி இறுகிப்போகிற நோய். வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை. அதனால் எலும்பு தேயாமல் இருக்க ஆறு வருடமாக வாரம் ஒரு அலெண்ட்ரோனேட். என் பல்லைப் பார்த்துவிட்டு அவரும் கிளம்பினார். அதே பேராசிரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த எலும்பு மாத்திரையும் ஸ்டீராய்டும் சேர்ந்தால், துளைத்த இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் அழுகி வெளியே தெரிகிற நிலை வரலாம். அவருடைய செட்டுக்கு உள்ளே மெத்தென்று ஒரு ரப்பர் பூச்சு வைத்துக் கொடுத்தார்கள். அவருக்கு ஒரு மாதம் என்மேல் கோபம், நான்தான் சிபாரிசு பண்ணவில்லை என்று. இப்போது சரியாகிவிட்டது. எனக்கு ஆம் என்றதும், அவருக்கு இல்லை என்றதும், அதே முக்கால் மணி நேரக் கேள்விகளில் இருந்து வந்ததுதான்.

ஆகவே என் வேண்டுகோள் பெரியது இல்லை. பல் கிளினிக் நடத்துகிறவர்கள் அடுத்த தடவை படிவம் அச்சடிக்கும்போது, சர்க்கரை, பிரஷருக்குக் கீழே ஒரு வரி சேர்க்கட்டும்: 'மூச்சுத்திணறல், ஆஸ்துமா, பழைய காசநோய், வீட்டில் ஆக்சிஜன் உண்டா? தட்டையாகப் படுக்க முடியுமா?' எதிரே ஒரு கட்டம். அதைப் படிக்க ஒரு ஆள். அட்வான்ஸ் வாங்குவதற்கு முன்னால். கோவை, திருப்பூர், ராஜபாளையம், திண்டுக்கல் என்று பஞ்சிலும் தூசியிலும் உழைத்த ஊர்களில் அறுபது தாண்டியவர்கள் பல் கட்ட வரும்போது இந்தக் கேள்வி இல்லாமல் எப்படி? விறகடுப்பு ஊதியே நெஞ்சைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் வேறு இருக்கிறார்கள். அவர்களுக்குத் தங்களுக்கு இந்த நோய் இருப்பதே தெரியாது.

உங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்று எனக்குத் தெரியும். பங்கு முதலீட்டு விளம்பரத்துக்குக் கீழே சந்தை அபாயம் பற்றிப் பொடி எழுத்தில் ஒரு வரி போடுகிறீர்கள் அல்லவா? காசு போவதற்கே ஒரு வரி உண்டு. மூச்சு போவதற்கும் ஒரு வரி போடுங்கள்: 'நுரையீரல் நோய் உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்ட பிறகு'. 'எந்த வயதினருக்கும்' என்ற இடத்தில் விளம்பரதாரரிடம் ஒரு கேள்வியாவது கேளுங்கள்.

கடிதம் நீண்டுவிட்டது. எழுதி முடிக்க எனக்கு நான்கு நாள் ஆனது. இடம் போதாவிட்டால் மில் கதையை வெட்டிக்கொள்ளலாம், என் எடையை வெட்டிக்கொள்ளலாம். மருந்துக்கடைப் பையன் சிப்ரோஃப்ளாக்சசின் சீட்டைத் திருப்பிக் கொடுத்த பத்தியை மட்டும் வெட்டாதீர்கள். டெரிஃபிலின் சாப்பிடுகிறவர்கள் எங்கள் தெருவிலேயே ஏழு பேர் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கார்டிங் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.